கன்சென்ட்: சம்மதமா, ஒப்புதலா, இசைவா?

மலர்_உறையூர்

வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகள் உதவி மேசையில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குகிற தாளைத் தமிழில் புதிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இருக்கிற தாளில் தலைப்பு 'ஒப்புதல் படிவம்', நடுவில் 'சம்மதிக்கிறேன்', அடியில் 'அனுமதி அளிப்பவர் கையொப்பம்'. இது போதாதென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வரும் காகிதத்தில் 'இசைவாணை' என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பார்த்தால் அதுவும் கன்சென்ட்தான்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலத்தில் என்ன பொருள்? தமிழில் எதைப் போட்டால் சரியாக இருக்கும்? சும்மா ஆர்வத்துக்காகக் கேட்கவில்லை. தாளை நீட்டினாலே, "ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பில்லைன்னு எழுதி வாங்குறீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

கேணிக்கரையான்

எல்லாம் ஒன்றுதான் சகோதரி. சம்மதம் என்று போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்து போடாமல் தலையாட்டினாலும் சம்மதம்தான், பேசாமல் இருந்தாலும் சம்மதம்தான். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

பழைய_தாவா

மலர் அம்மா, நான் மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரங்களும் வாக்குமூலங்களும் மொழிபெயர்த்தே கண் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் 'கோன்சென்டீரே'. 'கோன்' என்றால் சேர்ந்து, 'சென்டீரே' என்றால் உணர்வது, நினைப்பது. நாம் சினிமா பார்த்துவிட்டு 'ஒரே சென்டிமென்ட்' என்கிறோமே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். ஆக மூலத்தில் அது கையெழுத்து சமாச்சாரமே இல்லை, இரண்டு பேர் உள்ளத்தில் ஒன்றாக உணர்வது. ரோமானியச் சட்டத்தில் விற்பனை, வாடகை, கூட்டு வியாபாரம், ஒருவர் காரியத்தை இன்னொருவர் பொறுப்பேற்றுச் செய்வது ஆகிய நான்குக்கும் எழுத்தோ சடங்கோ தேவையில்லை. மனம் ஒத்தால் ஒப்பந்தம் ஆயிற்று. திருமணத்தை உண்டாக்குவது படுக்கை அல்ல, சம்மதமே என்று உல்பியன் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் எழுதிவைத்தார்.

நம்மூர் ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் 13-ஆவது பிரிவும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் சம்மதம். அடுத்த பிரிவு, எது இருந்தால் அது சுதந்திரமான சம்மதம் ஆகாது என்கிறது: வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை. 'ஒரே பொருளில்' என்ற அந்த இடத்தை மட்டும் உங்கள் மருத்துவர்களுக்கு அடிக்கோடிட்டுக் கொடுங்கள். "கட்டியை எடுக்கப்போறோம்" என்று அவர் சொல்ல, நோயாளி சின்னக் கீறல் என்று நினைத்துக் கையெழுத்து போட்டால் அங்கே இருப்பது மை மட்டும்தான்.

இனி தமிழுக்கு வருகிறேன்.

சம்மதம் வடமொழியிலிருந்து வந்தது. 'சம்' சேர்ந்து, 'மன்' நினைப்பது. லத்தீன் சொல்லின் கட்டுமானத்துக்கு இதுவே மிக நெருக்கம். அனுமதியும் அதே 'மன்' வேர்தான். ஆனால் இன்றைக்கு அனுமதி என்றாலே கொடுப்பவர் மேலே, கேட்பவர் கீழே. அரங்க அனுமதி, கட்டட அனுமதி. நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதற்கு அது பொருந்தவில்லை.

ஒப்புதல் நல்ல சொல்தான், ஆனால் அலுவலகம் அதைக் கெடுத்துவிட்டது. நிர்வாக ஒப்புதல், திட்ட ஒப்புதல் என்று கோப்பில் புழங்கிப் புழங்கி அதில் மனசே இல்லை. எங்கள் நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் மோசம்: 'ஒப்புதல் வாக்குமூலம்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது! பழைய கிரயப் பத்திரம் எழுதுகிறவர்கள் விவரமானவர்கள். 'மனமொப்பி' என்றுதான் எழுதுவார்கள், ஒப்புவது மனம் என்று தெளிவாக. உங்கள் படிவத்தில் மனம் உதிர்ந்துபோய் ஒப்புதல் மட்டும் நிற்கிறது.

இசைவுக்கு வயது அதிகம். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய சுந்தரர் கதையை நான் ஒரு சிவில் வழக்காகவே படிப்பேன். புத்தூரில் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக்கொடுத்திருக்கிறான்" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்துக் காட்ட, பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதைவிட ஒழுங்கான விசாரணையை நான் பணியில் இருந்தபோதே அபூர்வமாகத்தான் பார்த்தேன். அந்தச் சபையில் ஓலைக்குக் கொடுக்கும் பெயர் 'இசைவினால் எழுதும் ஓலை'. ஓலையின் வாசகமோ 'இருமையால் எழுதி நேர்ந்தேன்' என்கிறது. நேர்தல் என்றாலும் உடன்படுதல்தான். 'இருமையால்' என்பதற்கு உள்ளும் புறமும் ஒத்து என்று உரை சொல்வார்கள். கையும் எழுத வேண்டும், மனமும் எழுத வேண்டும்.

அந்த ஓலையில் எனக்கு ஒரே ஓர் ஆட்சேபணை. இசைந்தவர் பாட்டன், மாட்டிக்கொண்டவர் பேரன். பக்தியில் அது சரி, ஆபரேஷனில் செல்லாது.

கேணிக்கரையாருக்கு: மௌனம் சம்மதம் என்பது ஐரோப்பாவிலும் உண்டு. எட்டாம் போனிஃபேஸ் போப் 1298-ல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அது 43-ஆவது விதி. எல்லோரும் அதைச் சொல்லிவிட்டு 44-ஆவதை விட்டுவிடுவார்கள். பேசாதவன் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்கிறது அது. 1535-ல் இங்கிலாந்தில், மன்னரே திருச்சபைக்குத் தலைவர் என்ற சட்டத்தைப் பற்றி வாய் திறக்காததால் விசாரணைக்கு ஆளான தாமஸ் மோர், தன் மௌனத்தைச் சம்மதமாகத்தான் கொள்ள வேண்டும் என்று இந்த முதுமொழியை வைத்து வாதாடினார். தலை தப்பவில்லை.

நம் நாட்டிலும் அந்தப் பழமொழி செய்த கெடுதல் கொஞ்சமல்ல. காவல் நிலையத்தில் நடந்த பாலியல் வன்முறை வழக்கு ஒன்றில், அந்தப் பெண் எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்று சொல்லி 1970-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதம் வேறு என்பதுதான் அதன் சாரம். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2013 திருத்தத்தில், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்றே எழுதிவிட்டார்கள்.

இரவுப்பணி_நர்ஸ்

ஐயா சொன்ன பாட்டன், பேரன் கதை எங்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தினமும் நடக்கிறது. நோயாளி முழு நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தாள் மட்டும் நேராகக் கூட வந்தவர் கைக்குப் போகும். பெண் நோயாளி என்றால் கணவர், அவர் வெளியூரில் என்றால் மாமனார். "அவங்களுக்கு என்னம்மா தெரியும், நான் போடுறேன்" என்பார்கள்.

இதில் 2008-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) வந்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். நோயாளி சுயபுத்தியுள்ள வயதுவந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, விழித்தபிறகு அவரையே கேட்டிருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்தது ஆகாது. கூடுதலாக ஏதாவது செய்ய வேண்டி வரலாம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிச் சேர்த்து வாங்கலாம், அதில் தடை இல்லை.

அதனால் தலைப்பில் என்ன சொல் என்பதைவிட, எதற்கு என்று எழுதும் இடம் காலியாக இருக்கக் கூடாது. எங்கள் வார்டில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் நிரப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தனித்தமிழ்_வேந்தன்

இவ்வளவு விளக்கிவிட்டு 'சம்மதம்' என்று முடித்துவிடாதீர்கள். இசைவு இருக்க வடசொல் எதற்கு?

மலர்_உறையூர்

எல்லோருக்கும் நன்றி. பழைய_தாவா ஐயா, எது என்று கடைசியில் நீங்கள் சொல்லவே இல்லையே! அப்புறம் கைநாட்டு வைப்பவர்களுக்கு என்ன செய்வது? எங்களிடம் வருகிற பாட்டிகளில் பலர் கைநாட்டுதான்.

பழைய_தாவா

வேந்தன் தம்பி, இசைவு எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவருக்கு அது பாட்டுக் கச்சேரி மாதிரி கேட்கும். மணப்பாறைப் பாட்டி, "உனக்குச் சம்மதமா?" என்று தன் பேத்தியைக் கேட்டிருப்பார். அவர் வாயில் இருக்கிற சொல்லே போதும். மலர் அம்மா, தாள் முழுக்கச் சம்மதம் ஒன்றையே வையுங்கள். தலைப்பிலிருந்து 'படிவம்' என்பதைக்கூட எடுத்துவிட்டு 'ஆபரேஷனுக்கு என் சம்மதம்' என்று போடலாம். 'என்' முக்கியம். அது இருந்தால் மாமனார் கையெழுத்து போடத் தயங்குவார்.

நர்ஸ் அம்மா சொன்னபடி, என்ன செய்யப்போகிறார்கள், மயக்க மருந்து எந்த வகை, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, எல்லாவற்றுக்கும் தனி வரி. 'வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்' என்பதும் ஒரு வரி. மருத்துவமனை பொறுப்பில்லை என்கிற வாசகம் இருந்தால் அடித்துவிடுங்கள். சம்மதம் வாங்கிவிட்டதால் கவனக்குறைவுக்கு விலக்கு கிடைத்துவிடாது.

கைநாட்டுக்குப் பத்திரத்தில் ஒரு வழக்கம் உண்டு, 'படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு' என்று. அதையே பேச்சுத் தமிழுக்குக் கொண்டுவந்து, படித்துக் காட்டியவர் பெயரும் நேரமும் எழுத இடம் விடுங்கள். சாட்சிக் கையெழுத்து ஆஸ்பத்திரி ஆளுடையதாக இல்லாமல் பாட்டியோடு வந்தவருடையதாக இருக்கட்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கம் ஆகிறது என்று நிர்வாகத்தில் முனகுவார்கள், ஆகட்டும்.