கடனில் மாடு வாங்கினோம், மேய்த்தது பிள்ளை

ஆறு வருடம் குழுக்கடன் வசூலிக்கும் வேலையில் இருந்தேன். என்ன தொழில், வாரம் எவ்வளவு கட்ட முடியும் என்றெல்லாம் கேட்டுத்தான் கடன் கொடுப்போம். வாங்கும் மாட்டை யார் மேய்ப்பார்கள் என்று மட்டும் கேட்டதில்லை.

ஒரு அக்கா கறவை மாட்டுக்குக் கடன் வாங்கினார். ஒரு தவணைகூடத் தவறவில்லை, எல்லாருக்கும் அவரைத்தான் உதாரணம் காட்டுவோம். ஒருநாள் வசூலுக்குப் போனபோது, பள்ளி நேரத்தில் அவருடைய பத்து வயது மகள் புல்லுக்கட்டோடு வந்தாள். "ஆள் வச்சா கூலி கொடுக்கணும் சார், அப்புறம் தவணைக்கு எங்க போறது?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. கூலி என்ற செலவே இல்லாததால்தான் அந்த மாடு லாபம் தந்தது.

பிறகு தேடிப் படித்தேன். மலாவி கிராமங்களைப் பற்றி 2008-ல் வந்த ஆய்வில், கடன் வசதி உள்ள வீடுகளில் விவசாய வேலை மும்முரமான பருவத்தில் பிள்ளைகள் வேலை செய்வது கூடியிருந்தது. வங்கதேசத்தைப் பற்றிய இன்னொரு ஆய்வில், இப்படிக் கடன் வாங்கிய வீடுகளில் படிப்பு அதிகம் பாதிக்கப்பட்டது பெண் பிள்ளைகளுக்குத்தான். படிக்கப் படிக்க அந்தப் புல்லுக்கட்டுதான் கண்ணில் நின்றது.

—

அண்ணா, நான் கடனால் தப்பித்த பிள்ளை. அப்பா நோயில் படுத்த வருடம் என்னை வேலைக்கு அனுப்ப முன்பணம் பேசிவிட்டார்கள். குழுவில் அவசரக் கடன் கிடைத்தது, அம்மா அந்த முன்பணத்தை வாங்கவில்லை. ஆனால் அடுத்த கடனில் தையல் மெஷின் வந்தது. முதல் வாரமே தவணை. பள்ளி விட்டு வந்ததும் இரவு வரை பட்டன் கட்டினேன். பள்ளியை விடவில்லை, சரி, ஆனால் வகுப்பில் தூங்கித் தூங்கி விழுவேன். ஒரே அம்மா, ஒரே குழு. விழுந்த வீட்டைத் தாங்கிய கடன் என்னைப் படிக்க வைத்தது, தொழிலுக்கு வாங்கிய கடன் என்னை வேலையில் உட்கார வைத்தது.

—

தங்கச்சி, அந்த முதல் வாரத் தவணையை நானும் வசூலித்திருக்கிறேன். மனது கனக்கிறது. கடைசி ஒரு வருடம், "பிள்ளை பள்ளியில் இருக்கும்போது இதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பம் எழுதினேன். சிலர் மாட்டை விட்டுக் கோழிக்கு மாறினார்கள். ஒரு அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். "பையன் ஒன்பதாவது படிக்கிறான், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.