புதுப்பிப்பு: தீவிலிருந்து திரும்பி வந்தாச்சு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம், மடிக்கணினியை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று. "வீட்டிலேயே விட்டுவிடு" என்றவர்களுக்கு முதலில் நன்றி. விட்டுவிட்டுத்தான் போனேன். முதல் இரண்டு நாள் கை சும்மா இருக்க மறுத்தது; அப்புறம் பழகிவிட்டது.

மறக்க முடியாதது சாயங்காலம்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். செருப்பில் புகுந்த மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால் இருட்டு. அதனால் தினமும் 6 மணிக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவோம். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அந்த 20 நிமிடத்துக்கு யாருக்கு நன்றி சொல்வது?

மேகமூட்டம்தானே என்று களிம்பு பூசாமல் நீந்தி முதுகு உரிந்தது தனிக்கதை. புற ஊதாக் கதிர் மேகத்தையும் தாண்டி வரும். படித்ததெல்லாம் கடலைப் பார்த்ததும் மறந்துபோகிறது.

சரி, புத்தாண்டுக்குப் பத்துத் தீர்மானம் எழுதுவேன் என்றிருந்தேனே, ஒன்றுதான் மிஞ்சியது: சாயங்காலம் 6 முதல் 6.30 வரை கைபேசி அலமாரிக்குள். இன்றோடு ஒன்பது நாள். நேற்று மட்டும் இரண்டு தடவை அலமாரியைத் திறந்து பார்த்தேன்.