வௌவால் பகலில் தொங்கும் மரம்: ‘அடைமரம்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரப் பூங்காக்களுக்கான கையேட்டு வரைவில் ‘ரூஸ்ட்’ (roost, வௌவால் பகலில் தங்கும் இடம்) என்பதைக் ‘கூடு’ என்று எழுதியிருக்கிறோம். தவறு. பெரிய பழந்தின்னி வௌவால் கூடு கட்டுவதில்லை. ஆல், புளி, மருது போன்ற உயர்ந்த மரங்களில் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்குகிறது. ‘வாழிடம்’ என்றால் அது இரவில் இரைதேடும் பரப்பையும் சேர்த்துக்கொள்ளும்.

நம் பக்கம் ‘கோழி அடையற நேரம்’ என்கிறோம். கோழி பொழுது சாய அடையும், வௌவால் பொழுது விடிய அடையும். ‘அடைமரம்’ எனலாமா?

—

ஐயா, ‘அடை’ என்றதும் அடைகாத்தல் நினைவுக்கு வராதா? இது குட்டி போட்டுப் பாலூட்டும் விலங்கு.

இன்னொன்று, ‘வௌவால் கூடு கட்டாது’ என்று பொதுவாக எழுத வேண்டாம். குட்டைமூக்குப் பழந்தின்னியில் ஆண், கூந்தல்பனைக் காய்க்குலையின் உள்சரங்களைக் கடித்து நீக்கி, உள்ளே தொங்க இடம் குடைகிறது. அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘கூடாரம்’ போதும் என்பது என் கருத்து.

—

‘கூடாரம்’ அருமை, அப்படியே வைப்போம். ‘மரம்’ சேர்ந்துவிட்டால் அடைகாத்தல் குழப்பம் வராது. இனத்தின் இயல்பைச் சொல்லும்போதுதான் இடறுகிறது: ‘மரத்தடை வௌவால்’ என்றால் கண் ‘தடை’ என்று படிக்கும், ‘மரமடை’ என்றால் ‘மடை’. ஆகவே பழந்தின்னி என்பதுபோல ‘மரந்தங்கி’, ‘குகைதங்கி’ என்று வைப்போம்.

இரவில் வந்து தின்னும் மரத்தை ‘இரைமரம்’ என்று கட்டாயம் பிரிக்க வேண்டும். கணக்கெடுப்பே இதை நம்பி இருக்கிறது. இரைமரத்தில் எண்ணினால், மரம் விட்டு மரம் தாவும் ஒரே வௌவால் இரண்டு முறை கணக்கில் ஏறும். அடைமரத்தில் பகலில் இருவர் தனித்தனியே கிளை கிளையாக எண்ணி ஒப்பிட வேண்டும். இலை மறைக்கும், குட்டி தாயின் இறக்கைக்குள் ஒளிந்திருக்கும். இரண்டாலும் எண்ணிக்கை குறையும். அதனால் பொழுது சாய்ந்து அவை வெளியேறும்போது மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

பூங்காப் பணியாளருக்கான பக்கத்திலும் இதே சொல் வரட்டும்: ‘அடைமரத்தடியில் வெடி, ஒலிபெருக்கி கூடாது.’ பெரிய பழந்தின்னி ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். கூட்டம் மிரண்டு கிளம்பினால் தாயைப் பற்றியிருக்கும் குட்டி கீழே விழும்.

வரைவின் பழைய பத்தியில் ‘தீங்குயிர்’ (vermin, வேட்டையாடத் தடையில்லாத உயிர்) என்று இருப்பதையும் எடுத்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை அந்தப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் பட்டியலையே நீக்கிவிட்டது.

அருஞ்சொல் பக்கத்துக்கு: ‘அடைமரம்: மரந்தங்கி வௌவால்கள் பகல் முழுதும் தொங்கி உறங்கும் மரம்.’