சிமுலேஷனுக்குத் தமிழ்: போலியா, பாவனையா?

குழுமத்தாருக்கு வணக்கம்.
வியாழக்கிழமை இளங்கலை வகுப்புக்கு லைசோசைம் பாடம். கையேடு நாளை அச்சுக்குப் போகவேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் இந்த நொதியின் வடிவத்தை 1965-இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் (படிகமாக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி) கண்டார்கள். நொதிகளிலேயே முதலில் உருவம் தெரிந்தது இதற்குத்தான். 129 அமினோ அமிலங்கள், நடுவே ஒரு பிளவு. பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி அதில்தான் வந்து உட்காரும். பிளவின் இரு பக்கமும் கீல் வைத்ததுபோல அசையும் என்று 1976-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இதுவரை எழுதிவிட்டேன். அடுத்த பத்தியில், அந்த அசைவைக் கணினியில் நடத்திப் பார்க்கும் ‘சிமுலேஷன்’. ‘உருவகப்படுத்துதல்’ என்றால் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு உருவக அணி நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

மறு:
‘போலி’ இருக்கக் கவலை ஏன்? அறம் ‘அறன்’ ஆனால் கடைப்போலி. எழுத்துத்தான் மாறுகிறது, பொருள் மாறவில்லை. இங்கே அணுவின் இடத்தில் எண் நிற்கிறது, நடத்தை அதேதான். ‘இயக்கப்போலி’ என்க.

மறு:
ஐயா, இலக்கணம் சரி. ‘போலி மருத்துவர் கைது’ என்று செய்தி படித்து வளர்ந்த பிள்ளை, நொதியில் யாரோ கலப்படம் செய்துவிட்டதாக நினைக்கும். நடப்பதோ கடும் உழைப்பு. ஒவ்வோர் அணுமீதும் விசையைக் கணித்து, நியூட்டன் விதிப்படி 2 ஃபெம்டோநொடி (நானோநொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோநொடி) நகர்த்தி, திரும்பக் கணிக்கவேண்டும். ஒரு நானோநொடி காண 5 லட்சம் தடவை! ‘பாவனை’ போதாதா?

மறு:
யாழ்ப்பாணத்திலை பாவனை எண்டால் உபயோகம். ‘நொதியப் பாவனை’ எண்டு போட்டால், உடுப்புத் தோய்க்கிற தூளிலை நொதியம் பாவிக்கிற கதையெண்டுதான் விளங்கும். நீங்கள் படிகம் எண்டுறதையும் நாங்கள் பளிங்கு எண்டுதான் படிச்சனாங்கள்.

மறு:
ஆகா, பளிங்கு! படிகம் ஸ்படிகத்தின் சிதைவு; விட்டொழியுங்கள். மணிமேகலை பளிக்கறைக்குள் நிற்கிறாள். உதயகுமரனுக்கு உருவம் தெரிகிறது, வாயில் தெரியவில்லை. படிகவியலாரின் பாடும் அதுவே.

மறு:
பளிங்கையும் பிராகிருத வழியாக அதே ஸ்படிகத்தில் கொண்டுபோய் முடிப்போர் உண்டு, ஐயா. போகட்டும், எங்கள் ஊரில் பளிங்கு என்றால் தரைக்கல்.

மறு:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தனிமடலில் மூவர் சொன்னபடி ‘கணினி ஒப்புருவாக்கம்’ என்று போட்டு, பக்கத்திலேயே சிமுலேஷன் என்றும் எழுதிவிட்டேன். படிகம் படிகமாகவே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மறு:
ஒப்புரு என்றால் சிலை. படிகவியல் தந்ததும் நின்ற உருவம்; அதை அசைத்துப் பார்க்கத்தானே கணினிக்குப் போனீர்கள்? அசைவு இந்தச் சொல்லில் எங்கே? என் வாக்கு இயக்கப்போலிக்கே. அடுத்த பதிப்புக்காவது குறித்துவையுங்கள்.