பொத்துவில் ஓட்டம்: பாரத்தை எங்க கட்டுறது?

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் சைக்கிளில் வெளிக்கிடுற ஆக்கள் எத்தனை கிலோ எண்டுதான் முதல்ல கேக்கிறாங்க. அந்தக் கிலோவ எந்த இடத்தில கட்டுறீங்க எண்டதுதான் பெரிய விஷயம்.

கச்சான் காத்துக் காலத்தில நானும் மச்சானும் போனம். ஆளுக்கு 18 கிலோ அளவில சாமான். மச்சான் எல்லாத்தையும் பின் கரியரிலயே ஏத்திட்டான், கூடாரமும் தண்ணிப் போத்தல்களும் உச்சியில. காத்தான்குடி, கல்முனைச் சன நெருக்கத்தில மெதுவாப் போனதால ஒண்டும் தெரியல்ல. அக்கரைப்பற்று தாண்டி வெளி றோட்டில வேகம் பிடிச்சதும் முன் சில்லு இடமும் வலமுமாப் படபடவெண்டு அடிக்கத் தொடங்கிட்டு. கையை இறுக்கினா இன்னும் கூடுது. "முழங்காலால சைக்கிளின்ட மேல் குழாய அமத்து, மெல்ல பிரேக் பிடி" எண்டு கத்தினன். அமத்தினதும் அடங்கிட்டு. இது தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம், விழாம காப்பாத்தும்.

கோமாரிக்கு இங்கால ஒரு மர நிழலில முழுச் சாமானையும் அவிட்டம். தண்ணி, அரிசி, டின்மீன், ஸ்பானர் சாவிக்கட்டு எல்லாம் முன் போர்க்கின்ட (முன் சில்லப் பிடிக்கிற கவை) ரெண்டு பக்கப் பைகளுக்கும் போச்சு, அச்சு மட்டத்துக்குத் தாழ்வா, ரெண்டு பக்கமும் ஒரே பாரமா. உடுப்பும் கூடாரமும் பின்னுக்கு. சைக்கிள் ரியூப்பால கட்டினதையும் கழட்டி நைலோன் பட்டி போட்டம். ரியூப் இழுபடும், பை ஆடும், அந்த ஆட்டம் ஹான்டில் வரைக்கும் வரும். மறுகா அவன் ஏறி உழக்கினான். திருப்பத்தில ஹான்டில் கொஞ்சம் மந்தம், ஆனா நேர் றோட்டில கயிறு பிடிச்ச மாதிரிப் போச்சு.

ஒரு குறை இருக்கு. முன் பை பக்கக் காத்தைப் பிடிக்கும். கல்லடிப் பாலம் மாதிரித் திறந்த இடத்தில ஹான்டிலத் தள்ளும், அதுக்கு ஆயத்தமா இருக்கவேணும். எண்டாலும் சில்லு அடிக்கிறத விட இது எவ்வளவோ மேல்.

முன் கரியர் இல்லாதவங்க பின் பையின்ட அடியில, அச்சுக்கு நேரா, சில்லோட ஒட்டினபடி பாரமான சாமான வையுங்க. குதிக்கால் முட்டுது எண்டு பையைப் பின்னுக்குத் தள்ளுறதெண்டா, முட்டாத அளவுக்கு மட்டும் தள்ளுங்க. அச்சைத் தாண்டிப் போகப் போக முன் சில்லு லேசாகும், சியம்பலாண்டுவப் பக்க ஏற்றத்தில அது நல்லாத் தெரியும்.