உதவி தேவை: கன்சோல் கொதித்துத் தானாகவே அணைந்துவிடுகிறது

நானுஓயாக்காரன்
வணக்கம். எங்கள் வீட்டு வீடியோ கேம் கன்சோல் விளையாடத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே கொதித்துப்போய், திரையில் ஏதோ எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. மின்விசிறியின் இரைச்சலோ, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்குள் நிற்பதைப் போல இருக்கிறது. பனி கொட்டும் இந்த ஊரில் ஒரு பெட்டி எப்படிக் கொதிக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. தம்பிக்குப் பாடசாலை விடுமுறை என்பதால் வீட்டில் நிம்மதி இல்லை. அவசரமாக ஒரு வழி சொல்லுங்கள்.

வெலிமடை வாசகி
தம்பி, எந்தக் கன்சோல் என்பதையே நீங்கள் எழுதவில்லை. பிளேஸ்டேஷனா, எக்ஸ்பொக்ஸா? எந்தத் தலைமுறை? திரையில் வரும் எச்சரிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இவை தெரியாமல் நாங்கள் சொல்லும் எதுவும் ஊகமாகத்தான் இருக்கும்.

மூத்த திருகாணி
இங்கே எத்தனையோ தடவை எழுதி அலுத்துவிட்டேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? எப்படியும், விடை ஒன்றுதான். சூடாகும் கணினிச் சில்லுக்கும், அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்குக்கும் இடையே பூசப்பட்டிருக்கும் வெப்பப் பசை காய்ந்திருக்கும். கழற்றி, பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதியதைப் பூசுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தோட்டத்து மின்னியலாளர்
பசைக்கு முன்னால் மின்சாரத்தைப் பாருங்கள் என்பது என் கருத்து. தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வரும் கம்பியின் கடைசி முனையில் இருப்பவர்களுக்கு, மாலையில் எல்லா வீடுகளிலும் கேத்தலும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிட நன்றாகக் குறைந்து வருவது நமக்குத் தெரிந்ததுதான். மின்குமிழ் மங்குகிறதா என்று கவனியுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் கன்சோலின் மின்வழங்கி அதே வேலைக்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும், இழுத்தால் சூடாகும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்.

மூத்த திருகாணி
ஐயா, பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே சொல்கிறேன். இவை சுவிட்ச் முறை மின்வழங்கிகள். உள்ளீட்டு மின்னழுத்தம் ஓரளவு இறங்கினாலும் வெளியீடு மாறாது. எந்த வீச்சைத் தாங்கும் என்பது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மின்சாரக் கோளாறு என்றால் பெட்டி முன்னறிவிப்பின்றிச் சட்டென்று அணையும். மின்விசிறி இரைந்து, எச்சரிக்கை காட்டி, பிறகு அணையாது. மேலும், மலிவான ஸ்டெபிலைசரின் ரிலே டக்டக்கென்று மாறிக்கொண்டிருப்பதுதான் இலத்திரனியல் பொருள்களுக்குக் கேடு.

தோட்டத்து மின்னியலாளர்
வெளியீடு மாறாது என்பதை நான் மறுக்கவில்லை. உள்ளே இழப்பு கூடும் என்றுதான் சொன்னேன், அது உண்மைதானே? இந்தப் பெட்டிகளில் ஹீட் சிங்கைத் தாண்டி வரும் அதே காற்றுத்தான் மின்வழங்கியையும் குளிர்விக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் பெட்டிக்கு அந்தக் கொஞ்சச் சூடும் சுமைதான்.

பௌதிகப்பித்தன்
"குளிர் ஊரில் எப்படிக் கொதிக்கும்" என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் சுவையான பகுதி. நானுஓயாவுக்குப் பக்கத்திலுள்ள நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 80 வீதம்தான். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தி கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மின்விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் திணிவு கொழும்பில் தள்ளுவதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. வெப்பத்தைச் சுமந்து செல்வது காற்றின் கன அளவல்ல, திணிவு. கொழும்பில் சில்லு அறையைவிட 50 பாகை கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், இங்கே அது 60 பாகை வரை போகக்கூடும். நமக்கும் கொழும்புக்கும் சராசரி வெப்பநிலையில் உள்ள வேறுபாடு 11 அல்லது 12 பாகை. ஆகவே குளிரால் கிடைக்கும் ஆதாயத்தின் பெரும் பகுதியை மெல்லிய காற்று விழுங்கிவிடுகிறது.

மூத்த திருகாணி
அப்படியென்றால் நுவரெலியாவிலுள்ள அத்தனை கன்சோல்களும் கொதித்துக் கிடக்க வேண்டுமே. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீற்றரில், விளையாடுகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு இந்தக் கணக்கை அனுப்புங்கள்.

பௌதிகப்பித்தன்
மெல்லிய காற்றுத்தான் காரணம் என்று நான் எங்கே எழுதினேன்? குளிர் காப்பாற்றும் என்று நம்பிப் பெட்டியை எங்கேயாவது அடைத்து வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் கணக்கைப் போட்டேன். என் கணக்கு மிகைப்பட்ட நிலையைக் காட்டுவது என்பதும் எனக்குத் தெரியும். சில்லிலிருந்து ஹீட் சிங்க் வரையிலான தடைக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. அதைக் கழித்துப் பார்த்தால் கொழும்பைவிட நமக்கு நிலைமை கொஞ்சம் நல்லதுதான். ஆனால் ஆட்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல.

வெலிமடை வாசகி
நீங்கள் இருவரும் உச்சிக்கு ஏறிவிட்டீர்கள். கேள்வி கேட்டவர் இன்னும் நானுஓயாவிலேயே நிற்கிறார். தம்பி, பதில் எழுதுங்கள்.

நானுஓயாக்காரன்
மன்னிக்கவும், சிக்னல் இல்லை. பிளேஸ்டேஷன் 4, பழைய தடித்த வகை. பாவித்ததைத்தான் வாங்கினோம். சிவப்பு நிற வெப்பமானிப் படம் வருகிறது. கன்சோல் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, அணைத்துவிட்டுக் காத்திருக்கவும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறது. ஈரம் படக்கூடாது என்று கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள்ளேதான் வைத்திருக்கிறோம். பசை நுவரெலியா டவுனில் கிடைக்குமா?

ஹட்டன் பழுதுபார்ப்பவர்
பசையை வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். பழுது எங்கே என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பெட்டியை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, மேசை மீது நாலு பக்கமும் திறந்திருக்குமாறு வைத்து விளையாடுங்கள். இரைச்சல் உச்சத்துக்குப் போனதும் பின்பக்கத்துத் துவாரங்களுக்கு நேரே உள்ளங்கையைப் பிடியுங்கள். காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, அப்படியும் பெட்டி சூட்டைக் காட்டி அணைகிறது என்றால், சில்லின் சூடு ஹீட் சிங்குக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது பசைதான் குற்றவாளி. இரைச்சல் பெரிதாக இருந்தும் காற்று மெலிந்து, கையைச் சுடும் அளவுக்குக் கொதித்து வந்தால், ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே அடைப்பு இருக்கிறது. சூடு அங்கே வந்து நிற்கிறது, வெளியேறத்தான் வழி இல்லை. காற்றே வராவிட்டால் மின்விசிறியைப் பார்க்க வேண்டும்.

ஷோகேஸைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கன்சோல் இயங்குவதற்கு ஏற்ற அறை வெப்பநிலை 5 முதல் 35 பாகை வரை என்றும், சுவரிலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்றும் அதன் கையேடு சொல்கிறது. முதலில் வந்த இந்த வகை முழு வேகத்தில் 250 வாட் வரை எடுக்கும் என்று குறிக்கப்பட்டது. பிறகு வந்த மெலிந்த வகைக்கு அது 165 வாட்தான். அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. கண்ணாடிக் கதவுக்குள் அது தான் வெளிவிட்ட காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே பனி பெய்வது அதற்குத் தெரியாது.

இன்னொரு கேள்வி: வீட்டில் விறகடுப்பா?

நானுஓயாக்காரன்
ஆம், விறகடுப்புத்தான். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் பாதிச் சுவர். சோதனையும் செய்தோம்: காற்று மிக மெலிவு, கை வைக்க முடியாத சூடு. டயர் கடைக் கொம்பிரசரால் ஊதிவிடலாமா?

ஹட்டன் பழுதுபார்ப்பவர்
கொம்பிரசர் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அதன் காற்றுத் தாங்கியின் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும். குழாயைத் திறந்தவுடன் காற்றோடு நீர்த்துளியும் எண்ணெயும் சேர்ந்து பாயும். அந்த வேகத்தில் மின்விசிறியும் தாறுமாறாகச் சுழன்று அச்சு கெடும். அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டு அழுக்கு ஊதினால் போகிற வகை அல்ல.

விறகடுப்பு வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். மற்ற வீடுகளின் தூசு உலர்ந்த சாம்பல் நிறத் தூசு; தூரிகை பட்டால் உதிரும். இந்த வீடுகளில் புகைக்கரியும் தாளிக்கும் எண்ணெயின் ஆவியும் பனிக்காலத்து ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து, ஹீட் சிங்கின் காற்று நுழையும் விளிம்பில் கறுத்த தகடாகப் படிந்துவிடுகின்றன. விரலால் தொட்டால் ஒட்டும். பல்துலக்கியால் ஓரத்தை நெம்பினால் துண்டு துண்டாக உரிந்து வரும். வெளியிலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் பெட்டி சுத்தமாகத்தான் தெரியும், ஏனென்றால் அடைப்பு இருப்பது மின்விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில்.

திறக்கும் முறை: மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டி ஆறும்வரை விட்டுவிடுங்கள். பின்புறத்தில் நான்கு திருகாணிகள், சிலவற்றின் மேல் ஒட்டுச்சீட்டு இருக்கும். நடுவில் துளையுள்ள, நட்சத்திர வடிவ டொர்க்ஸ் டி8 திருப்புளி முனை வேண்டும். கீழ்மூடியை எடுத்ததும் மின்விசிறியும் கறுப்பு நிற மின்வழங்கியும் தெரியும். மின்வழங்கியின் திருகாணிகளைக் கழற்றி, பக்கத்திலுள்ள சிறிய கம்பி இணைப்பை மெதுவாக விடுவித்து, நேராக மேல்நோக்கித் தூக்க வேண்டும். சரித்தால் அடியிலுள்ள இரண்டு முனைகளும் வளைந்துவிடும். அதைத் தூக்கியவுடன் ஹீட் சிங்கின் தகடுகள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். மின்வழங்கியின் உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். உள்ளேயிருக்கும் கொள்ளளவி (கெபாசிட்டர்) 300 வோல்டுக்கு மேல் மின்னேற்றம் பெறுவது. அதன் சல்லடைத் துவாரங்களை வெளியிலிருந்து உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். மின்விசிறியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு இதழ் இதழாகத் துடையுங்கள். ஒட்டிய கரிக்கு 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டுப் பாவியுங்கள், தண்ணீர் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே மூட வேண்டும்.

மூத்த திருகாணி
இவ்வளவு தூரம் பிரித்துவிட்டுப் பசையை மாற்றாமல் மூடுவது அரைகுறை வேலை.

ஹட்டன் பழுதுபார்ப்பவர்
பசைக்குத் தாய்ப்பலகை (மதர்போர்ட்) வரை கழற்ற வேண்டும்; அது முதல் தடவை திறப்பவர் செய்யும் வேலை அல்ல. கைச்சோதனை அடைப்பைக் காட்டும்போது அடைப்பை எடுப்போம். அதன் பிறகும் சூடு அடங்காவிட்டால் நீங்கள் சொல்வதற்கு வருவோம், அண்ணன்.

பண்டாரவளைத் தம்பி
என் மச்சான் பழைய எக்ஸ்பொக்ஸ் 360ஐத் துவாயில் சுற்றிச் சூடாக்கியே சரிசெய்திருக்கிறார். அதையும் முயன்று பார்க்கலாமே.

பௌதிகப்பித்தன்
தயவுசெய்து வேண்டாம். அந்தக் கன்சோல்களில் நிகழ்ந்தது வேறு. சூடும் குளிரும் மாறி மாறி வந்து சில்லின் இணைப்புகள் விரிசல் விட்டதால் அவை இயங்காமல் போயின. 2007ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அந்தப் பழுதுக்கு உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்காக நூறு கோடி டொலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது. துவாயில் சுற்றினால் மேலும் சூடாகி, விரிசல் சிறிது காலத்துக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்னிலும் மோசமாக விடும். இங்கே கேட்டவரின் பெட்டி சூட்டால் அணைகிறது. அதைத் துவாயில் சுற்றுவதா?

தோட்டத்து மின்னியலாளர்
இதில் நான் பௌதிக ஆசிரியரின் பக்கம். ஆனாலும் மின்குமிழ் மங்குகிறதா என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெலிமடை வாசகி
சுத்தம் செய்த பிறகு எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஷோகேஸுக்குள் வைத்ததே ஈரத்துக்குப் பயந்துதான். அந்தப் பயம் நியாயமானதுதான். எங்கள் வீட்டில் கார்த்திகை மாத மழையில் சுவர் அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கிறது.

ஹட்டன் பழுதுபார்ப்பவர்
அக்கா சொல்வது சரி. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சூடாக இருப்பதால் அதில் பனி படியாது. அணைத்து வைத்திருக்கும் பெட்டிக்குத்தான் ஈரம் எதிரி. ஆகவே விளையாடும்போது திறந்த மேசையில், அடுப்படிச் சுவருக்கு எதிர்ப்பக்கத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். விளையாடி முடித்து, பெட்டி முழுவதும் ஆறிய பிறகு வேண்டுமானால் துணியால் மூடுங்கள். சூட்டோடு மூடாதீர்கள். குளிர்ந்த அறையில் கிடந்த பெட்டியை அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்தால் உடனே மின்சாரம் கொடுக்காமல் சில மணிநேரம் விட்டுவிடுங்கள்.

நானுஓயாக்காரன்
டவுனில் கைத்தொலைபேசி திருத்தும் தெரிந்த அண்ணன் ஒருவர் திறந்து தந்தார். நீங்கள் சொன்னபடியே கறுப்பாக, தகடு தகடாக வந்தது. இப்போது சத்தம் இல்லை, அணைவதும் இல்லை. பசை மாற்றவில்லை. எல்லோருக்கும் நன்றி.

தோட்டத்து மின்னியலாளர்
மகிழ்ச்சி. மின்குமிழ்?

பண்டாரவளைத் தம்பி
இதே முறையில் பிளேஸ்டேஷன் 5ஐயும் திறந்து சுத்தம் செய்யலாமா? என்னுடையதும் சூடாகிறது.

மூத்த திருகாணி
எந்த வகை, எங்கே வைத்திருக்கிறீர்கள், பின்பக்கக் காற்று எப்படி வருகிறது என்ற விவரங்களோடு தனி இழையைத் தொடங்குங்கள். அதுவரை ஒன்று மட்டும்: 5இல் சாதாரணப் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் பாவித்திருக்கிறார்கள், அது மின்சாரத்தைக் கடத்தும். பக்க மூடிகளைக் கழற்றித் தூசு சேரும் துளைகளைத் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துவாயை எடுத்து உள்ளே வையுங்கள்.