சூப்பர் மார்க்கெட் பன்றி இறைச்சி: உறையில் உள்ள முத்திரைகளுள் எதை நம்புவது?

கேள்வி: மல்லிகா (லெஸ்டர்)

பிரிட்டனின் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரே தோள்கறி ஒரு பொட்டலத்தில் ‘ரெட் டிராக்டர்’ முத்திரையோடும், அடுத்ததில் விலங்கு நல அறக்கட்டளையான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் ‘ஆர்.எஸ்.பி.சி.ஏ. அஷ்யூர்ட்’ என்றும், அதற்கடுத்ததில் ‘அவுட்டோர் பிரெட்’ என்றும் இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. முட்டையில் எனக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஓட்டின்மேல் அச்சிட்டுள்ள முதல் எண்ணைப் பார்த்தாலே, கோழி கூண்டில் அடைபட்டிருந்ததா, வெளியே மேய்ந்ததா என்பது தெரிந்துவிடும். பன்றி இறைச்சிக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தால் அந்த விலங்குக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? இறைச்சியையே விட்டுவிடலாம் என்னும் கருத்தை மதிக்கிறேன்; ஆனால் இங்கு நான் கேட்பது அதுவன்று.

மறுமொழி: கதிரவன் (கால்நடை மருத்துவர்)

முட்டைக்கு உள்ளதுபோல் சட்டம் வரையறுத்த குறியீடு பிரிட்டனில் பன்றி இறைச்சிக்கு இல்லை என்பதே உங்கள் குழப்பத்துக்கு முதற்காரணம். ‘ஃப்ரீ ரேஞ்ச்’ (வெளியே திரிந்து வளர்வது) என்னும் சொல்கூட, பன்றியைப் பொறுத்தவரை, தொழில்துறையினர் தாமாக ஏற்றுக்கொண்ட நெறிமுறையின் பேரில்தான் வழங்குகிறது.

இந்த முத்திரைகளைப் படிக்க எளிய வழி ஒன்று உண்டு. தாய்ப்பன்றியின் வாழ்க்கையையும், நாம் உண்ணும் பன்றியின் வாழ்க்கையையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். சினைப்பன்றிகளைத் திரும்பக்கூட முடியாத ஒற்றைக் கூண்டுகளில் அடைப்பது பிரிட்டனில் 1999 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் குட்டி போடும் நேரத்தில் அடைக்கும் கூண்டுக்கு அந்தத் தடை பொருந்தாது. குட்டி போடுவதற்குச் சில நாள் முன்னதாக அதற்குள் செல்லும் தாய், குட்டிகள் பால் மறக்கும்வரை, அதாவது ஏறத்தாழ நான்கு வாரங்கள், படுக்கவும் எழவும் மட்டுமே இடமுள்ள கம்பிகளுக்கிடையில் கிடக்கிறது. பன்றி ஈனுவதற்கு முன் வைக்கோலும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டும் இயல்புடையது. அந்த உந்துதல் மிக வலுவாக இருக்கும் நாள்களிலேயே அதனால் அசைய முடியாமல் போகிறது. என் பார்வையில், மொத்தப் பன்றி வளர்ப்பிலும் முதலில் தீர வேண்டிய கொடுமை இதுதான்.

பண்ணைத் தொழில்துறையின் பொதுத் தரச்சான்றான ‘ரெட் டிராக்டர்’ இக்கூண்டை அனுமதிக்கிறது. ‘ஆர்.எஸ்.பி.சி.ஏ. அஷ்யூர்ட்’ அனுமதிப்பதில்லை; கொட்டகைக்குள் வளர்த்தாலும் படுக்கைக்கு வைக்கோல் போன்ற பொருள் வேண்டும் என்கிறது. ‘அவுட்டோர் பிரெட்’ என்றால் தாய் வயல்வெளியில் அமைத்த குடிலில் வாழ்கிறது, குட்டியும் அங்கேயே பிறக்கிறது. ஆனால் பால் மறந்ததும் குட்டி கொட்டகைக்குப் போய்விடும். ஆகவே பொட்டலத்தில் இருக்கும் பன்றி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கூரைக்கடியில்தான் கழித்திருக்கும். ‘அவுட்டோர் ரியர்ட்’ என்பது ஏறத்தாழப் பாதி வாழ்நாள் வெளியே. ‘ஃப்ரீ ரேஞ்ச்’ முழுவதும் வெளியே. சாயில் அசோசியேஷனின் இயற்கை வேளாண் சான்றிதழில் இவற்றைவிடக் கடுமையான விதிகள் உள்ளன: 40 நாளுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, வாலை நறுக்கக் கூடாது.

வாலைப் பற்றி ஒரு சொல். வெறுங்கான்கிரீட்டில் நெருக்கமாக அடைபட்ட பன்றிகள் கிளறுவதற்கு ஏதுமின்றி ஒன்றன் வாலை மற்றொன்று கடிக்கும். அதைத் தடுக்க வாலையே நறுக்கிவிடுகிறார்கள். வழக்கமாக அப்படிச் செய்வது சட்டப்படி தவறு. தேவை என்று காட்டினால் மட்டுமே அனுமதி உண்டு. அந்த விதிவிலக்குத்தான் நடைமுறையில் விதியாக நிற்கிறது.

மறுமொழி: வயல்வாசி (நோர்ஃபோக்)

இப்பகுதிப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு திருத்தம். கூண்டு தாயை வதைக்கக் கண்டுபிடித்ததன்று. இருநூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள தாய் சட்டென்று படுக்கும்போது குட்டிகள் அடியில் நசுங்கி இறப்பதைக் குறைக்கவே அது வந்தது. அந்த வேலையை அது செய்யவும் செய்கிறது. சுவீடன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் கூண்டைக் கைவிட்டன. ஆனால் அதற்கு ஈடாக இடமும், வைக்கோலும், கவனமான ஆளும் வேண்டும், மூன்றுக்கும் செலவு உண்டு.

இன்னொன்று, வெளியே என்றால் எல்லா இடத்திலும் நல்லது என்று எண்ண வேண்டாம். பிரிட்டனின் தாய்ப்பன்றிகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வெளியே வாழ முடிவதற்குக் கிழக்கு ஆங்கிலியா போன்ற பகுதிகளின் நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணே காரணம். களிமண் நிலத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் சேற்றில் நிற்கும் பன்றியைவிட, ஆழமான வைக்கோல் படுக்கையுள்ள கொட்டகைப் பன்றி நலமாக இருக்கும். எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்பிருந்தால், ‘வெளியேயா?’ என்று கேட்க மாட்டேன், ‘வைக்கோல் உண்டா?’ என்றுதான் கேட்பேன். 110 கிலோ வரையுள்ள பன்றிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இடம் 0.65 சதுர மீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி: ஈழநிலா (ஹாரோ)

தோள்கறியைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பலர் வீட்டில் அதிகம் செலவாவது பேக்கனும் சாசேஜும்தான். அவற்றில் கணிசமான பங்கு டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சினைக்கூண்டுத் தடை 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதும், இனச்சேர்க்கைக்குப் பிந்தைய முதல் நான்கு வாரங்களுக்கு அது பொருந்தாது. அதாவது பிரிட்டனில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்து விளைந்த இறைச்சி பிரிட்டனின் அலமாரியில் சட்டப்படி இருக்கலாம். புதிய இறைச்சியில் எங்கு வளர்த்தது, எங்கு வெட்டியது என்று எழுத வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரலில் வந்தது. பேக்கனும் சாசேஜும் அதற்குள் அடங்கா. முகப்பில் பிரிட்டன் கொடி இருந்தாலும், பின்புறச் சிறு எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெயிட்ரோஸ், எம் அண்ட் எஸ் ஆகிய இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகளும் தம் சொந்தப் பெயரில் விற்கும் புதிய பன்றி இறைச்சியை ‘அவுட்டோர் பிரெட்’ நிலையில் வைத்துள்ளன. மற்ற கடைகள் பலவற்றில் ஒரே அலமாரியில் எல்லாத் தரமும் கலந்திருக்கும்.

மல்லிகா

மூவருக்கும் நன்றி. வளர்ப்பு தெளிவாகிவிட்டது. வெட்டும் முறையைப் பற்றி இவற்றுள் எந்த முத்திரையாவது ஏதேனும் சொல்கிறதா?

மறுமொழி: கதிரவன்

பொட்டலத்தின் மேல் எதுவும் இராது, விலை உயர்ந்ததிலும் இராது. பிரிட்டனில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பன்றிகளைக் கரியமில வாயுவால் மயக்கமுறச் செய்தே வெட்டுகிறார்கள். பன்றிகளைக் குழுவாக அந்த வாயு நிறைந்த தொட்டியில் இறக்கலாம், ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டியதில்லை என்பது அதன் வசதி. ஆனால் அடர்ந்த கரியமில வாயு மூக்கின் ஈரத்தில் அமிலமாகி எரிகிறது. நினைவு தப்பும்வரை பன்றிகள் மூச்சுக்குத் திணறுகின்றன. இம்முறையை ஐந்தாண்டுகளில் கைவிட வேண்டும் என்று அரசின் ஆலோசனை அமைப்பான பண்ணை விலங்கு நல மன்றம் 2003-லேயே பரிந்துரைத்தது. ஃப்ரீ ரேஞ்ச் பன்றியும் பெரும்பாலும் இதே தொட்டிக்குத்தான் செல்கிறது.

சிறிய வெட்டுமனைகள் பலவற்றில் மின்சாரத்தால் மயக்கமூட்டுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வாங்கும் ஊர்க் கசாப்புக்கடையில் கேட்டால் விடை கிடைக்க வாய்ப்புண்டு. சூப்பர் மார்க்கெட் பொட்டலத்தில் நீள்வட்டத்துக்குள் ஓர் எண் அச்சாகியிருக்கும். உணவுத் தர முகமையின் பட்டியலில் அந்த எண் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று பார்க்கலாம். ஆனால் அது கடைசியாகக் கையாண்ட ஆலையின் எண்ணாகவும் இருக்கலாம் என்பதால், வெட்டிய இடம் அதுவே என்று உறுதியாகக் கொள்ள முடியாது. அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, எந்த வெட்டுமனை, எந்த முறை என்று இரண்டையும் கேளுங்கள்.